குண்டுக்குக் குலமுண்டா?

சேர்வராயன் மலையிலே, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு அப்பால், சாமைக் கொல்லையில் புகுந்த காட்டுப்பன்றியை விரட்ட, உரிமமின்றி நாட்டுத் துப்பாக்கி ஏந்தும் மலையாளிக் குடியானவன் குற்றவாளி! 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இரண்டிலிருந்து ஐந்தாண்டு வரை சிறை. சட்டமன்றோ, தலைவணங்குவோம்.

ஆனால் குடகு மலையிலே? கொடவ குலத்தில் பிறந்தோருக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் உரிமமே வேண்டாம். விலக்குச் சான்று போதும்! வெள்ளையன் ஈந்த சலுகை, 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. 2021-இல் கருநாடக உயர்நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

லிட்டன் காலத்து 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியனுக்கு உரிமம், ஐரோப்பியனுக்கு விலக்கு என்றது. அன்று நிறம், இன்று பிறப்பு. அநீதி ஆடை மாற்றிக்கொண்டது, அவ்வளவே!

மரபு என்பர். மலையாளியின் முப்பாட்டன் வேட்டையாடவில்லையா?

எல்லோருக்கும் துப்பாக்கி கொடு என்கிறோமா? இல்லை, இல்லவே இல்லை! வீட்டு மூலையில் சாத்திய துப்பாக்கி, பகைவனைத் தேடிப் போகுமுன் குழந்தையின் கைக்கு வந்து சேரும். நாம் கேட்பது ஒரே அளவுகோல். மெய்யான பயிர்க்காவலுக்கு, குழல்வாயில் மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் தர 1959-ஆம் ஆண்டுச் சட்டமே வழி வகுத்துள்ளது. அந்த வழி மலையூருக்குத் தெரியட்டும். பிறப்புவழிச் சலுகை ஒழியட்டும்!

அமெரிக்காவிலே, 1996-இல் துப்பாக்கிக் கட்சியாரின் நெருக்குதலால் அரசின் ஆய்வுப் பணம் முடங்கிற்று. 2019 இறுதியில்தான் இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கினர். எண்ணவும் தடை, எண்ணிப் பார்க்கவும் தடை! நமக்கு அத்தடை இல்லையே! குண்டடிபட்டோர் எத்தனை பேர், எந்தத் துப்பாக்கியால், எவ்வாறு என்று மலைதோறும் கணக்கெடுத்து வெளியிட என்ன தயக்கம்?

எல்லோரும் சமம் என்று பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கு, குடகுக்கு ஒரு விடை, சேர்வராயனுக்கு ஒரு விடை எழுதக் கை வரவில்லை.