ஒரே நாளில் கோட்டையும் ஆமையும்

தவணைப் பரீட்சை முடிந்த கையோடு அந்த நோட்டிஸ் இம்முறையும் வட்ஸ்அப்பில் வந்துவிட்டது. "காலிக் கோட்டை + ஹிக்கடுவையில் ஆமைகளோடு நீச்சல். ஒரே நாள். பகலுணவு, தேநீர் உட்பட." கீழே முகமூடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். பக்கத்தில் சிரிக்கிற மாதிரி ஓர் ஆமை. ஆமை சிரிப்பதில்லை, அதன் வாய் அப்படி. அந்த நோட்டிஸில் பொய் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஒரே ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ்மொழிமூலம் படிப்பிக்கிற சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். போன வருடம் இதே ட்ரிப்புக்கு நாங்களும் கையெழுத்து வைத்தோம். பெற்றோரிடம் காசு சேர்த்தோம். பஸ்ஸில் முன் ஆசனத்தில் உட்கார்ந்து போனோம். ஆகவே இது யாரையோ திட்டுகிற பதிவு என்று நினைக்க வேண்டாம். முதல் அடி எங்களுக்குத்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டிய பஸ் ஆறரைக்குப் புறப்பட்டது. அதிவேக வீதிக்குக் காசு மிச்சம் பிடித்து, பழைய காலி வீதியாலேயே போனார்கள். பெந்தோட்டையைத் தாண்டி வீதியோரத்தில் ஓர் ஆமைப் பண்ணை. டிக்கட். சீமெந்துத் தொட்டிகளில் பொரித்து இரண்டு மூன்று நாளான குஞ்சுகள். அங்கிருந்தவர் ஒரு குஞ்சை எடுத்து ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். எல்லோரும் போட்டோ எடுத்தோம். நாங்களும் எடுத்தோம், அழிக்கவில்லை, இன்னும் போனில் இருக்கிறது.

பெரலியவில் பஸ் நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரோடு கடல் ரயிலை விழுங்கிய இடம். பஸ்ஸில் இருந்த ஒரு பிள்ளைகூட அப்போது பிறந்திருக்கவில்லை. பாட்டுச் சத்தத்தில் நினைவுத்தூபி பின்னால் போய்விட்டது.

காலிக்குள் நுழையும்போது பதினொன்றரை. கோட்டைக்கு முக்கால் மணித்தியாலம். வழிகாட்டி சொன்னது மூன்று வசனம்: 1588இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1640இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயருக்குப் போனது. யுனெஸ்கோ, 1988. முடிந்தது. மதிலில் ஏறி, வெளிச்சவீட்டுக்கு முன்னால் குரூப் போட்டோ. எதிரே மீரான் பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். வெளியே வரும்போது ஒரு பையன் கேட்டான்: "நாங்க எப்ப சேர் இந்த நாட்டுக்கு வந்த?"

அவன் குறும்புக்குக் கேட்கவில்லை. 2019க்குப் பிறகு கொழும்பில் வளர்ந்த முஸ்லிம் பிள்ளை அவன். "நீங்கள் வந்தவர்கள்" என்பதை அவன் பஸ்ஸிலும் கடையிலும் கேட்டிருக்கிறான். கோட்டையைக் கட்டியவன் போர்த்துக்கேயன், பெருப்பித்தவன் ஒல்லாந்தன் என்றால், அப்போது நாங்கள் எங்கே இருந்தோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பதில் சொல்ல எங்களுக்கு நேரமில்லை. பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஹிக்கடுவையில் ஆமைக்கு இரண்டரை மணிக்கு புக்கிங்.

அந்தப் பையனுக்கான பதில் காலியில்கூட இல்லை. வெள்ளவத்தையிலிருந்து முச்சக்கர வண்டியில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய கறுவாத்தோட்டத்தில், தேசிய நூதனசாலையில் நிற்கிறது. 1911இல் காலியில் ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்த கல் அது. புரட்டிப் பார்த்தால் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனத் தளபதி செங் ஹவின் கப்பல்கள் கொண்டுவந்தது, அதிலுள்ள திகதி 1409. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை. பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயரால். மூன்றிலும் ஏறத்தாழ ஒரே பொருட்பட்டியல். யாரையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை.

போர்த்துக்கேயன் இந்தக் கரையில் கால் வைப்பதற்கு ஏறத்தாழ நூறு வருடம் முன்பே, காலித் துறையில் இறங்குகிற ஒரு வெளிநாட்டான் இந்த ஊரில் யார் யாரிடம் பேச வேண்டும் என்று யோசித்து மூன்று மொழியில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறான். அதில் ஒன்று எங்கள் வகுப்பில் படிப்பிக்கிற மொழி. கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற இந்துப் பிள்ளைக்கும் அந்தக் கல்லில் ஒரு பக்கம் உண்டு, முஸ்லிம் பிள்ளைக்கும் உண்டு. (ரொம்ப உருகவும் வேண்டாம். அதே செங் ஹ 1411இல் கோட்டே இராச்சியத்தோடு சண்டையிட்டு அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனவர். காணிக்கையும் படையும் ஒரே கப்பலில்தான் வந்தன. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.)

தெனாவரைக் கோயிலை 1344இல் இப்னு பதூதா பார்த்து எழுதியிருக்கிறார். அங்கிருந்து காலிக்கும் கொழும்புக்கும் வந்தவர். 1588இல் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்தார்கள். 1626இல் கரையோர முஸ்லிம்களை விரட்டினார்கள், கண்டி மன்னன் செனரத் அவர்களைக் கிழக்கே குடியேற்றினான். வழிகாட்டியின் மூன்று வசனத்தில் வராத சங்கதி இவ்வளவும்.

இன்னொன்று. அந்தக் கல் நிற்கிற நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரைக்கார். 1877 திறப்பு விழாவில் ஆளுநர் கிரெகரி "என்ன வேண்டும்" என்று கேட்க, வெள்ளிக்கிழமைகளில் மூடிவைக்கும்படி கேட்டார் என்று நம்மவர்கள் சொல்லி வருகிறார்கள். இதைச் சொன்னபோது ஆசிரியர் அறையில் பாதிப் பேர் "அப்படியா?" என்றார்கள். நாங்கள் பட்டதாரிகள்!

சரி, கடலுக்கு வருவோம்.

ஹிக்கடுவையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பையன்மார் உதவிக்கு. முகமூடி பன்னிரண்டு, மாற்றி மாற்றிப் போட வேண்டும். பாதுகாப்பு அங்கி அதைவிடக் குறைவு. எங்கள் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிசயம், கொழும்பு அடுக்குமாடிப் பிள்ளைகள். களைத்தபோது எதன் மேல் நின்றார்கள்? பவளப்பாறையின் மேல். ஒருவனுக்குக் கால் வெட்டுப்பட்டது. மருந்துப் பெட்டி பஸ்ஸில், பஸ் அரைக் கிலோமீற்றர் தள்ளி. அல்லாஹ் காப்பாற்றினான் என்று சொல்லிவிட்டு நாங்கள் அதைக் கடந்துவிட்டோம். காப்பாற்ற வேண்டிய வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள்.

பெண்பிள்ளைகள்? அவர்கள் கரையில் நின்று செருப்புக்கும் பேக்குக்கும் காவல். "அவங்களுக்குச் சரிவராது" என்று முன்கூட்டியே முடிவு. ஆனால் காசு அவர்களிடமும் அதே அளவுதான் வாங்கினோம். ஒரு பெண்பிள்ளை வீட்டில் போய் என்ன பார்த்தாய் என்று கேட்ட உம்மாவிடம் "செருப்பு" என்று சொல்லியிருக்கிறாள். அந்த உம்மா எங்களுக்குக் கோல் எடுத்தா. பதில் சொல்ல முடியவில்லை.

ஆமை வந்தது, உண்மைதான். கரையில் கடற்பாசிக் கட்டு விற்கிறார்கள். அதைக் கையில் பிடித்தால் பெரிய பச்சை ஆமைகள் முழங்காலளவு தண்ணீருக்கு வருகின்றன. பார்க்க அழகு. ஆனால் மனிதக் கையையும் படகுச் சத்தத்தையும் சாப்பாடு என்று பழகிய ஆமைக்குப் படகின் காற்றாடியிடமிருந்து விலகத் தெரியாது. அது பிள்ளைகள் பாடத்தில் படித்த காட்டு உயிரினம், எங்கள் கண் முன்னாலேயே கையேந்துகிற பிராணியாகிக்கொண்டிருக்கிறது. அந்த இடம் ஒரு தேசிய பூங்கா என்பதை அங்கே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. 1998இல் கடல் சூடேறி அங்குள்ள பவளம் பெருமளவு வெளுத்துச் செத்தது. மிஞ்சியதன் மேல்தான் எங்கள் பிள்ளைகள் நின்றார்கள்.

காலையில் உள்ளங்கையில் வைத்த குஞ்சின் கதை இன்னும் மோசம். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு வயிற்றில் மஞ்சள்கருவின் மிச்சம் இருக்கும். அந்தச் சக்தியை வைத்துத்தான் அது இரவோடு இரவாகக் கடலில் இறங்கி, ஒரு நாளளவில் ஓயாமல் நீந்தி, கரையோர மீன்களுக்கும் பறவைகளுக்கும் எட்டாத தூரத்துக்குப் போக வேண்டும். தொட்டியில் இரண்டு நாள் வைத்தால் அந்த ஓட்டம் சீமெந்துச் சுவரில் முட்டி முடிந்துபோகிறது. பிறகு "ரிலீஸ்" என்று சொல்லி விடுவது சோர்ந்த குஞ்சைத்தான். நாங்கள் விஞ்ஞானமும் சூழலும் படிப்பிக்கிறவர்கள். இது எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆமையைப் பிடிப்பதும் முட்டையை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்பதும் தெரியும். தெரிந்தே டிக்கட் எடுத்தோம்.

பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் ஹதீஸை மூன்றாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். தொட்டிக்கு முன்னால் அது எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

இங்கே நம் பெருமையையும் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும். காலித் துறைமுகத்தில் கப்பல் பயணிகளுக்கு இரத்தினக்கல்லோடு ஆமையோட்டுச் சீப்பும் பெட்டியும் விற்ற வியாபாரிகளில் நம்மவர்களும் இருந்தார்கள். அந்த ஓடு எப்படி வந்தது என்பதை 19ஆம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். செத்த ஆமையின் ஓடு நிறம் மங்கிவிடும் என்பதற்காக, முட்டையிடக் கரையேறும் அழுங்காமையை உயிரோடு நெருப்புக்கு மேல் தொங்கவிட்டு, சூட்டில் ஓட்டுத் தகடுகள் கழன்றதும் திரும்பக் கடலில் விடுவார்களாம். அப்படிப்பட்ட ஆமையும் அடுத்த முறை முட்டையிட அதே கரைக்கு வரும் என்று நம்பப்பட்டதாகவும் எழுதுகிறார். ஓர் ஒல்லாந்த அதிகாரி துடுப்பில் வளையம் மாட்டிவிட்ட அழுங்காமை, முப்பது வருடம் கழித்து 1826இல் அம்பாந்தோட்டைக்குப் பக்கத்தில் பிடிபட்டதாம்.

அந்த முப்பது வருடத்துக்குள் காலிக் கோட்டை ஒல்லாந்தனிடமிருந்து ஆங்கிலேயனிடம் போய்விட்டது. கோட்டையும் ஆமையும் உண்மையிலேயே சேர்கிற இடம் இதுதான். மதில் மேல் உட்கார்ந்து இந்த ஒரு கதையைச் சொல்லியிருந்தால் போதும், ஒரு பிள்ளையும் ஆமையைத் தொட்டுப் பார்க்கக் கேட்டிருக்காது. எங்களுக்கு அது சொல்ல வரவில்லை, ஏனென்றால் நாங்களும் படித்திருக்கவில்லை. இந்தப் பதிவுக்காகத்தான் தேடிப் படித்தோம்.

இது நம் நாட்டு வியாபாரம் மட்டுமல்ல. மெக்சிகோவிலும் இதே பெக்கேஜ்தான்: காலையில் துலும் என்ற மதில் சூழ்ந்த மாயர் துறைமுக நகரத்தின் இடிபாடு, மத்தியானம் அக்குமால் குடாவில் ஆமையோடு நீச்சல். கூட்டம் தாங்காமல் அங்கே 2016இல் அரசாங்கம் அந்தக் குடாவைப் பாதுகாப்பு இடமாக அறிவித்துக் கட்டுப்பாடு போட்டது. இங்கே நாம் இன்னும் கடற்பாசிக் கட்டு விற்கிறோம்.

"அப்படியென்றால் பிள்ளைகள் எங்கேயும் போகக் கூடாதா?" என்று ஒரு வாப்பா கேட்டார். நியாயமான கேள்வி. மூச்சுவிட இடமில்லாத வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு நாள் பெருநாள் மாதிரி. போகட்டும். காலிக்கு ஒரு முழு நாள். அந்தக் கோட்டை இடிபாடு இல்லை, உள்ளே இன்னும் ஆட்கள் வாழ்கிறார்கள், பள்ளிவாசலும் அரபுக் கல்லூரியும் இருக்கின்றன, வீடுகளை விற்றுவிட்டுப் போனவர்களின் கதையும் இருக்கிறது. ஆமை பார்க்க வேண்டுமா? தங்காலைக்கு அப்பால் ரெக்கவவில் இரவில் மணலில் குந்தி, சத்தம் போடாமல், வெளிச்சம் அடிக்காமல் காத்திருக்க வேண்டும். 1990களில் அங்கே முட்டை தோண்டி விற்றவர்களையே கூடுகளுக்குக் காவலர்களாக்கினார்கள். ஆமை வரலாம், வராமலும் போகலாம். கடலில் இறங்கவும் வேண்டியதில்லை, பெண்பிள்ளையும் ஆண்பிள்ளையும் ஒரே மணலில் உட்கார்ந்து பார்க்கலாம். பகல் ட்ரிப்பில் இது முடியாது. ஏலாதென்றால் ஆமை வேண்டாம்.

அதற்கெல்லாம் முதல் நூதனசாலை. வருகிற மாதம் ஒரு சனிக்கிழமை, 38 பிள்ளைகள், பஸ் டிக்கட் காசு மட்டும். அந்தக் கல்லின் தமிழ்ப் பக்கத்தில் பிள்ளைகள் எத்தனை எழுத்தைக் கூட்டி வாசிக்கிறார்கள் என்று பார்க்கப்போகிறோம். பாரசீகப் பக்கம் நன்றாகத் தேய்ந்துபோய்விட்டது, மௌலவி ஒருவரைக் கூட்டிப்போனாலும் கஷ்டம்தான். லுஹருக்கு எப்போது வந்தோம் என்று கேட்டவன்தான் முன் வரிசையில் நிற்பான், அவன் வாப்பாவிடம் சொல்லிவிட்டோம்.

ட்ரிப் ஏஜண்டுக்கும் நேற்றுக் கோல் எடுத்து, இம்முறை கையெழுத்து இல்லை என்றோம். "ஆமை இல்லாட்டிப் பிள்ளைகள் வருவாங்களா சேர்?" என்று கேட்டார். ஒரு தலைக்கு இவ்வளவு குறைக்கிறேன், ஆசிரியர்மாருக்கு இலவசம் என்றும் சொன்னார். போன வருடமும் எங்களுக்கு இலவசம்தான்.

ட்ரிப்பைக் கெடுக்கிறோம் என்று திட்டுகிற பெற்றோரும் சக ஆசிரியர்களும் கீழே தாராளமாகத் திட்டுங்கள். அந்தக் கல்லை எத்தனை தரம் பார்த்திருக்கிறீர்கள் என்று முதல் வரியில் எழுதிவிட்டுத் திட்டுங்கள். எங்களில் ஐந்து பேரில் மூன்று பேர் இன்னும் பார்க்கவில்லை.