விற்ற பிறகும் உரிமையாளர்

மண்பாதைக்கென்று வாங்கப்படும் பைக்குகள் ஒரே வீட்டில் அதிக நாள் தங்குவதில்லை. 2015-ல் பெங்களூருவைச் சேர்ந்த சி.எஸ்.சந்தோஷ், கரடுமுரடான பாதைகளில் நடக்கும் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரானார். மறு ஆண்டு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும், 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ம் சந்தைக்கு வந்தன. கல்லிலும் சேற்றிலும் ஏறும் பைக் என்கிற ஆசை பந்தயக்காரர்களைத் தாண்டி, மாதச் சம்பளம் வாங்கும் இளைஞர்களுக்கும் வந்தது. ஆனால், வாங்கிய பலரும் வாரம் முழுக்கத் தார்ச்சாலையில் அலுவலகம் போகிறவர்கள். அந்த உயரமான சீட்டில் அம்மாவால் ஏறி உட்கார முடியாது. கல்யாணம் ஆகும், வெளியூர் வேலை வரும். பைக் விற்பனைக்கு வந்துவிடும்.

இதில் தவறேதும் இல்லை. புதிதாக வாங்க வசதியில்லாத ஒருவர் மலைப்பாதை ஓட்டக் கற்றுக்கொள்வது இப்படிக் கைமாறும் வண்டியில்தான். என் கவலை வேறு. பணம் வந்ததும் சாவி, ஆர்சி புக், பெயர் மாற்றத்துக்கென்று கையெழுத்திட்ட படிவம் 29, படிவம் 30 எல்லாவற்றையும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். படிவத்தில் வாங்குபவரின் பெயர் இருக்க வேண்டிய இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. “அடுத்த வாரமே பேரு மாத்திடறேண்ணா” என்ற ஒரு வார்த்தையை நம்பி, வண்டி நம்மைவிட்டுப் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 2(30)-ன்படி, எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். நவீன்குமார் - விஜய்குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தது. அந்த வழக்கில் 2007-ல் விற்கப்பட்ட கார், பல கைகள் மாறி, 2009-ல் விபத்துக்குள்ளானது. பதிவேட்டில் முதலில் விற்றவரின் பெயரே இருந்ததால், இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது என்று தீர்ப்பானது. உறவைப் பறிகொடுத்த குடும்பம், யார் யாருக்கு விற்றார் என்று தடம் தேடி அலையக் கூடாது என்பதே நீதிமன்றம் சொன்ன காரணம். அந்தக் காரணம் முழுக்க நியாயமானது. பாதிக்கப்பட்டவருக்கு முகவரியுள்ள ஒருவர் பொறுப்பாளியாக வேண்டும்.

காப்பீடு இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். பிரிவு 157-ன்படி, மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு சேர்ந்தே வாங்கியவருக்கு மாறியதாகக் கருதப்படும். ஆனால், காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2018 செப்டம்பர் முதல் விற்கும் புதிய இருசக்கர வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. முதல் உரிமையாளர் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்புக்குள்ளேயே ஓட்டிவிட்டு விற்றுவிடுகிறார். இரண்டாவது, மூன்றாவது கையில் இருக்கும்போதுதான் அது காலாவதியாகிறது. புதுப்பிக்கச் சொல்லும் குறுஞ்செய்தி போவதோ, பதிவேட்டில் இருக்கும் பழைய எண்ணுக்கு. விற்ற வண்டிதானே என்று அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அனுபவம் குறைந்த ஒருவர், கொண்டை ஊசி வளைவுகளில், காப்பீடு இல்லாத வண்டியை ஓட்டும் நாளில், சட்டத்தின் கண்ணில் அந்த வண்டிக்கு உரிமையாளர் எங்கோ அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் முதல் ஆள்தான். காப்புக்காட்டுக்குள் அத்துமீறியதாக வனத்துறை வண்டியைப் பிடித்தாலும், எண் பலகையை வைத்துத் தேடினால் கிடைப்பது அவர் பெயரே.

விற்பவருக்குக் கடமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் அவர் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவருக்கு 30 நாட்கள் அவகாசம் என்கிறது பிரிவு 50. ஆனால், விற்றவர் தன் பங்குக்குத் தகவல் கொடுத்துவிட்டாலும், வாங்கியவர் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி முடிக்கும்வரை பதிவேட்டில் பெயர் மாறாது. கடமையைச் செய்தவரும் செய்யாதவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இதுதான் என்னை உறுத்துகிறது.

இந்தச் சிக்கல் அரசுக்குத் தெரியாததல்ல. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து, படிவம் 29சி வழியே தெரிவித்துவிட்டால், அதன் பிறகு அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். நல்ல ஏற்பாடு. ஆனால், அங்கீகாரம் பெறாத டூவீலர் கன்சல்டிங் கடையில் காலிப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. தனிநபர் இன்னொரு தனிநபருக்கு நேரடியாக விற்றாலும் கிடையாது. மண்பாதை பைக்குகளோ நண்பருக்கு நண்பர், ஒரே பயணக் குழுவுக்குள் நேரடியாகக் கைமாறுபவை. நெருக்கம் இருக்கும் இடத்தில் ரசீது கேட்கவே கூச்சப்படுகிறோம்.

வியாபாரிக்குக் கொடுத்த அதே வழியை நேரடி விற்பனைக்கும் திறந்துவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் விற்றவர் ஐந்து நாட்களுக்குள் மோட்டார் வாகனத் துறைக்குத் தெரிவித்துத் தன் பொறுப்பிலிருந்து விடுபட முடிகிறது. இங்கே அதை அப்படியே கொண்டுவருவதில் ஓர் ஆபத்து உண்டு: விபத்து நடந்த பிறகு முன்தேதியிட்டு, சல்லிக்காசு இல்லாத ஒருவர் தலையில் வண்டியைக் கட்டிவிடுவார்கள். அதனால் விற்றவரின் வாக்குமூலம் மட்டும் போதாது. வாங்கியவர் தன் ஆதாரோடு இணைந்த கைபேசியில் அதே நேரத்தில் ஒப்புதல் தர வேண்டும். நடப்பில் இருக்கும் காப்பீட்டு எண்ணும் அதில் பதிவாக வேண்டும். இவை சேர்ந்தால், பாதிக்கப்பட்டவருக்கு முகவரியும் காப்பீடும் உள்ள ஒரு பொறுப்பாளி எப்போதும் இருப்பார். வண்டியோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர் மாட்டிக்கொள்ள மாட்டார்.

பதிவே இல்லாத பைக்குகளின் நிலை இன்னும் மோசம். கவாஸாகி கேஎக்ஸ் போன்ற மோட்டோகிராஸ் வண்டிகள் பந்தயத் தடத்துக்கு மட்டுமானவை. முகப்பு விளக்கு இல்லை, எண் பலகை இல்லை, ஆர்சி இல்லை. கிலோமீட்டர் கணக்குகூட இல்லை. எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை வைத்துத்தான் பிஸ்டன் மாற்றுகிறார்கள். பழைய வண்டியாக விற்கும்போது மிஞ்சும் ஆவணம், கடை கொடுத்த ரசீது மட்டுமே. வாங்குகிறவர் பல நேரங்களில் பள்ளி செல்லும் மகனுக்காக வாங்கும் தந்தை. வறண்ட ஏரியில்தான் ஓட்டுவான் என்பார். ஆனால், வீட்டிலிருந்து ஏரிக்குப் போக ஊர்ச்சாலை ஒன்று இருக்கிறது. அதில் மோதினால், அடிபட்டவர் எந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமும் போய் நிற்க முடியாது. 2019-ல் சேர்க்கப்பட்ட பிரிவு 199ஏ-யின்படி, சிறுவர் ஓட்டிய குற்றத்துக்குப் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பதிவில்லாத வண்டிக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி எழும்போது, எழுதி வாங்காமல் விற்றவர் தான் விற்றுவிட்டதை எதைக் காட்டி நிரூபிப்பார்?

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாங்குபவரின் பெயரும் முகவரியும் நிரப்பாத படிவத்தில் கையெழுத்திடக் கூடாது. ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அவரது அடையாள அட்டையின் நகலோடு வைத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் இருவரும் சேர்ந்தே ஆர்டிஓ அலுவலகம் போய்வர வேண்டும். பந்தய பைக் என்றால் சேஸிஸ் எண், இன்ஜின் எண்ணோடு, சாலையில் ஓட்டக் கூடாத வண்டி என்ற வாசகமும் ரசீதில் இருக்க வேண்டும். அரசு செய்ய வேண்டியது அதைவிடப் பெரிது: சாலைக்கு வராத பைக்குகளுக்கும் உரிமையாளர் பெயரோடு ஓர் அடையாளப் பதிவேடு. கலிஃபோர்னியாவில் மண்பாதை பைக்குகளுக்கு அப்படி ஓர் அடையாளப் பதிவு இருக்கிறது. போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் தளத்தில் இங்கும் அதைத் தொடங்கலாம்.