பழைய மோட்டாரும் மீன்களின் மூச்சும்

இலக்கியம் பேசும் இடத்தில் மீன்தொட்டியின் காற்று மோட்டாருக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். பழையனவற்றை எவ்வாறு போற்றுவது என்ற கேள்வி, ஓலைச்சுவடியைக் குறித்து எழுந்தாலும் ஒரு சிறு இயந்திரத்தைக் குறித்து எழுந்தாலும் ஒன்றுதான் என்பது எங்கள் எண்ணம். அதை எங்களுக்கு உணர்த்தியவை நான்கு தங்கமீன்கள். அவற்றுள் மூன்று இப்போது இல்லை.

எங்கள் வீட்டிலுள்ள காற்று மோட்டார், தந்தையார் 1979ஆம் ஆண்டு சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கியது. 1985இல் தீக்கிரையாகும் வரை, பழைய புத்தகங்களுக்காக வாசகர்கள் தேடிச்சென்ற அதே மூர் மார்க்கெட்டில்தான் பறவைகளும் வண்ண மீன்களும் விற்கப்பட்டன. தந்தையார் புத்தகக் கட்டோடு இந்த மோட்டாரையும் சுமந்துவந்தார். சோற்று டப்பா அளவுள்ள இரும்புப் பெட்டி, கரும்பச்சை வண்ணம். எங்கள் இளமைக்கால இரவுகள் அதன் ரீங்காரத்தில் கழிந்தவை. அவர் மறைந்த பின் பதினைந்து ஆண்டுகள் பரணில் கிடந்த அதை எடுத்துத் துடைத்து மின்சாரத்தில் இணைத்தபோது, அதே ரீங்காரம் எழுந்தது. வீட்டில் அனைவரும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். மறுவாரமே இரண்டடித் தொட்டியொன்றும் கையளவு வளர்ந்த நான்கு தங்கமீன்களும் வந்து சேர்ந்தன.

கோடையில் ஒருநாள் விடியற்காலை மூன்று மீன்கள் மிதந்தன. நான்காவது நீர்மட்டத்தில் வாயை வைத்துத் திணறிக்கொண்டிருந்தது. மோட்டார் வழக்கம்போல ஒலித்துக்கொண்டிருந்தது. குழாயின் முனையிலிருந்த கல்லிலிருந்து ஒரு குமிழியும் எழவில்லை.

மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “சத்தம் மட்டும்தான் சார் வருது. காத்து வரல.”

அந்த இயந்திரத்தின் அமைப்பு மிக எளியது. கம்பிச்சுருள் ஒன்று; அதன் எதிரே முனையில் காந்தம் பொருத்திய ஒரு கை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைவது. அந்த அலைவுக்கேற்பக் கை முன்னும் பின்னும் அதிர்கிறது. கையோடு பிணைக்கப்பட்ட ரப்பர் சவ்வு துருத்திபோல் விரிந்து சுருங்கிக் காற்றைத் தள்ளுகிறது. உள்ளே வரும் காற்றுக்கு ஒன்றும் வெளியேறும் காற்றுக்கு ஒன்றுமாக இரு சிறு வால்வுகள். இவ்வளவுதான். ஒலி பிறப்பது கையின் அதிர்விலிருந்து. காற்று பிறப்பது சவ்வின் அசைவிலிருந்து. சவ்வு கிழிந்தாலும் கை அதிரும், ஒலி நிற்காது. பரணின் வெப்பத்தில் உலர்ந்து வெடித்திருந்த ரப்பர், அன்றிரவு முற்றிலும் கிழிந்திருக்கிறது. அதற்கு முன் சில நாட்களாகவே குமிழிகள் மெலிந்துவந்ததை நாங்கள் பார்த்திருந்தோம். பழைய மோட்டார் அப்படித்தான் இருக்கும் என்று பரிவோடு சொல்லிக்கொண்டோம். எங்கள் குற்றம் அந்தப் பரிவில்தான் இருந்தது.

நீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு குறைவாகவே உயிர்வளியை ஏற்கும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்க முடியும்; 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். வெப்பம் மிகும்போது மீனின் தேவையோ கூடுகிறது. குமிழிகள் நேரே உயிர்வளியை ஊட்டுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை மேலெழும்போது அடிநீரை மேலே கொணர்ந்து, நீர்ப்பரப்பைக் கலைத்து, வெளிக்காற்றோடு கலக்கச் செய்வதே பெரும்பணி. குமிழி நின்றால் இந்தச் சுழற்சி நிற்கும். குராமி, பெட்டா போன்ற மீன்கள் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனியுறுப்பு உடையவை, தப்பிக்கும் வாய்ப்புண்டு. தங்கமீனுக்கு அந்த உறுப்பு இல்லை.

நடந்ததை அறிந்த நண்பர்கள் இரு வகையாகப் பேசினர். சில நூறு ரூபாய்க்குப் புதியது கிடைக்கும்போது இந்தப் பழம்பொருளோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள் என்றனர் ஒரு சாரார். அந்தக் காலத்துச் சரக்கு உறுதியானது, ஒன்றையும் மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள் என்றனர் மறு சாரார். இருவர் கூற்றையும் எங்களால் ஏற்க இயலவில்லை. முதல் சாரார் கம்பிச்சுருளும் இரும்புப் பெட்டியும் இன்னும் நெடுநாள் உழைக்கும் என்பதை மறந்தார்கள். மறு சாரார் ரப்பருக்கு ஆயுள் உண்டு என்பதை மறந்தார்கள். பழைய மோட்டார்களை விற்போர் “ஓடும் நிலையில் உள்ளது” என்று விளம்பரம் செய்வதைக் காண்கிறோம். அதற்கு ‘ஒலிக்கும் நிலையில் உள்ளது’ என்பதற்கு மேல் பொருளில்லை என்பதை மூன்று மீன்களைக் கொடுத்துக் கற்றோம்.

நம் நூல்கள் பிழைத்து வந்த வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் கையிலிருந்தவை திருத்தக்கதேவரின் கையெழுத்து ஓலைகள் அல்ல. ஓலை செல்லரிக்கும், முறியும். அது அழியுமுன் எவரோ புதிய ஓலையில் படி எடுத்தார். அது பழுதுபடுமுன் வேறொருவர் எடுத்தார். ஓலையை மாற்றியவர்களால் நூல் நின்றது. ஓலையை மாற்றாமல் பூசையில் வைத்து வணங்கிய வீடுகளில் எத்தனையோ சுவடிகள் பொடியாயின. எது அழியும் பகுதி, எது நிற்கும் பகுதி என்று பிரித்தறிவதே போற்றுதலின் முதற்படி.

இன்னொரு செய்தியும் உண்டு. 1850இல் லண்டனைச் சேர்ந்த வேதியியலார் ராபர்ட் வாரிங்டன் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் வைத்து, அவை ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை அறிவித்தார். 1853இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அந்தச் சமநிலைக்கு மின்மோட்டார் எதுவும் தேவைப்படவில்லை. மீன் குறைவாகவும் செடி போதுமானதாகவும் இருந்தால் போதும். நாமோ தொட்டியை நிரப்பிவிட்டு, நிரப்பியதன் சுமையை ஒரு ரப்பர் துண்டின் மேல் ஏற்றுகிறோம். மூப்பெய்திய கருவிக்குச் சுமையைக் குறைத்துக் கொடுப்பதும் அதைப் போற்றும் முறைதான்.

ஆகவே பழைய மோட்டாரைப் பயன்படுத்த விழைவோருக்கு நாங்கள் சொல்வது இது. முதலில் ரப்பர் சவ்வையும் வால்வுகளையும் மாற்றுங்கள். ஆண்டுதோறும் திறந்து பாருங்கள். வெடித்துப்போன பழைய மின்கம்பியை எறிந்துவிட்டு, இரும்புப் பெட்டிக்கு எர்த் இணைப்புள்ள மூன்று கம்பி வடத்தைப் பொருத்தச் சொல்லுங்கள். மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் பாதுகாப்பு சுவிட்ச் வீட்டில் இருக்கட்டும். மோட்டாரை நீர்மட்டத்திற்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால், மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே இறங்கி மோட்டாருக்குள் புகும். அதைத் தடுக்கும் செக் வால்வு ஒன்று குழாயில் இருப்பது நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் குமிழியைக் கண்ணால் பாருங்கள். காதை நம்பாதீர்கள்.

எஞ்சிய தங்கமீன் இப்போதும் எங்களோடு இருக்கிறது. செடிகள் அடர்ந்திருக்கின்றன, வேறு மீன் வாங்கவில்லை. தந்தையாரின் மோட்டார் தொட்டிக்கு மேலுள்ள பலகையில் புதிய ரப்பரோடு ஓடுகிறது. அதன் அருகில் விலை மலிந்த புதிய மோட்டார் ஒன்றும் ஓடுகிறது. பார்ப்பவர்கள் இரண்டு எதற்கு என்று கேட்கிறார்கள். ஒன்று எங்களுக்காக, மற்றொன்று மீனுக்காக என்று விடை சொல்கிறோம். நம் நினைவுகளைக் காக்க நமக்கு உரிமையுண்டு. அதற்கான விலையை வாய்பேசாத உயிர் கொடுக்க வேண்டும் என்பதற்கு உரிமையில்லை.