நாளங்களை எண்ணும் முன்

மார்பகப் புற்றுக்கட்டியின் ரத்த நாளங்களை எண்ணி நோயின் போக்கைக் கணிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1991இல் நோயல் வைட்னர், ஜூடா ஃபோக்மன் குழுவினர் 49 நோயாளிகளின் கட்டிகளில் நாளங்கள் மிக நெருங்கியிருந்த இடத்தைத் தேடிப்பிடித்து, 200 மடங்கு உருப்பெருக்கத்தில் எண்ணினார்கள். பத்து நாளங்கள் கூடும்தோறும் நோய் பரவும் அபாயம் 1.59 மடங்கானது. நோயியலர் உலகமே எண்ணத் தொடங்கியது.

2004இல் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தொடர்பு இருந்தது. ஆனால் பலவீனமாக இருந்தது. வியப்பில்லை. நாளங்களை அடையாளம் காண ஓர் ஆய்வகம் சிடி31 சாயம் ஏற்றும், இன்னொன்று சிடி34, மற்றொன்று ஃபாக்டர் VIII. எந்த இடம் 'மிக நெருக்கமானது' என்பதைப் பார்ப்பவரின் கண் தீர்மானிக்கும். 'அதிகம்' எங்கே தொடங்குகிறது என்பதிலும் ஆளுக்கொரு எல்லை.

நம் டொராண்டோவிலிருந்தே இன்னொரு எச்சரிக்கையும் வந்தது. சன்னிபுரூக்கில் ராபர்ட் கெர்பெல் ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாள வளர்ச்சியைத் தடுக்கும் சுனிடினிப் மருந்தைக் குறுகிய காலம் பெற்ற எலிகளில் மனித மார்பகப் புற்றணுக்கள் விரைந்து பரவின. எலியில் கண்டதை நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் நாளம் குறைந்தால் நோய் தணியும் என்ற எளிய கணக்கு அங்கே உடைந்தது. 2011இல் அமெரிக்காவில், நாள வளர்ச்சியைத் தடுக்கும் இன்னொரு மருந்தான பெவாசிசுமாபுக்கான மார்பகப் புற்றுநோய் அனுமதியும் ரத்தானது. நோய் முற்றுவது தள்ளிப்போனது, ஆயுள் கூடியதாக நிறுவப்படவில்லை.

இப்போது முழு ஸ்லைடையும் ஸ்கேன் செய்து நாளங்களின் நீளம், கிளைப்பு, சுவரின் முதிர்ச்சி எல்லாவற்றையும் கணினி அளக்கிறது. வரவேற்கலாம். ஆனால் எந்தச் சாயம், கட்டியின் எந்தப் பகுதி என்பதை நாம் சொல்லாவிட்டால், பழைய குழப்பத்தைத்தான் அது வேகமாகச் செய்துமுடிக்கும்.

இன்றைய நோயியல் அறிக்கையில் நாள எண்ணிக்கையைவிடக் கவனம் கேட்பது நாளத்துக்குள் புகுந்த புற்றணுத் திரள். கட்டியின் விளிம்புக்கு வெளியே அதைத் தேடுங்கள். திசு சுருங்கி விட்ட இடைவெளியை நாளமென்று எண்ணி ஏமாறுவது எல்லோருக்கும் நேர்வதுதான். ஐயம் எழுந்தால், நிணநீர் நாளச் சுவரைக் காட்டும் டி2-40 சாயம் ஏற்றிப் பாருங்கள். நாள அடர்த்தி எண்ணை ஆய்வுக் கோப்பில் வையுங்கள். டொராண்டோ ஆய்வகங்கள் ஸ்லைடுகளைப் பரிமாறி ஒரே முறையில் அளந்து ஒத்துப்போகும்வரை, அந்த எண்ணை வைத்து யாருக்கும் கீமோதெரபி கொடுப்பதோ மறுப்பதோ வேண்டாம்.