கிராமச் சுற்றுலா: அறை கட்டும் முன் ஒரு கணக்கு

தோப்பு வைத்திருக்கும் உழவர்களிடம் இப்போது ஒரு பேச்சு பரவலாகக் கேட்கிறது. 'தென்னைக்கு நடுவே நாலு அறை கட்டிப் போட்டால் சனி, ஞாயிறு பட்டணத்துக்காரர்கள் வந்து தங்குவார்கள்; விவசாயத்தில் விட்டதை அதில் பிடித்துவிடலாம்' என்கிறார்கள். பயிற்சிக்கு வருபவர்கள் மண் பரிசோதனை முடிவைக் கேட்டுவிட்டு, கையோடு இதையும் கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். விருந்தினர் வரட்டும், நல்லது. ஆனால், அறை கட்டுவதற்காக இப்போதைக்குக் கடன் வாங்காதீர்கள். அதற்கு முன் ஊர் கூடிப் பேசவேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

பக்கத்து மாநிலத்தில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், வேம்பநாட்டுக் காயல் ஓரம் உள்ள குமரகம், நெல்லும் தென்னையும் மீனும் நம்பிய ஊர். அங்கே நட்சத்திர விடுதிகள் வந்தபோது நிலம் கைமாறியது. காய்கறியும் மீனும் வெளியூரிலிருந்து வண்டியில் வந்து விடுதிச் சமையலறையில் இறங்கின. ஊர் மக்களுக்குக் கிடைத்தது சில கூலி வேலைகளும், அழுக்கான காயல் தண்ணீரும்தான். சுற்றுலாவே வேண்டாம் என்று ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. 2008-இல் கேரள சுற்றுலாத் துறை, 'பொறுப்புச் சுற்றுலா' என்ற பெயரில் ஒரு முயற்சியை அங்கே தொடங்கியபோது, அறைகளையோ நீச்சல் குளங்களையோ அது தொடவில்லை. கைவைத்தது கொள்முதலில்.

உள்ளூரில் விளையும் காய்கறி, தேங்காய், மீன் ஆகியவற்றை ஊரிலிருந்தே வாங்க விடுதிகள் ஒப்புக்கொண்டன. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் தரிசாகக் கிடந்த நிலத்திலும் வீட்டுத் தோட்டத்திலும் பயிர் செய்தன. விலையை ஒரு குழு பேசி முடிவு செய்தது. ஊராட்சியும் அதில் இருந்தது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால், விடுதிச் சமையலறை நம் வாரச் சந்தை போன்றது அல்ல. செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கு இத்தனை கிலோ வெண்டை என்றால், அந்த நேரத்துக்கு, அந்த அளவு, முற்றாமல் போய்ச் சேர வேண்டும். ஒரு வாரம் அள்ளிக் கொடுத்து மறுவாரம் இல்லை என்று கைவிரித்தால், அவர்கள் பழைய வியாபாரியிடமே போய்விடுவார்கள். அதனால்தான் எந்த மாதம் எந்தக் காய், யார் எவ்வளவு விதைப்பது என்று பயிர் நாட்காட்டி போட்டுத் திட்டமிட வேண்டியிருந்தது. சுற்றுலாத் திட்டம் என்று ஆரம்பித்தது, கடைசியில் நடவு அட்டவணையில் வந்து நின்றது. வேளாண்மைக்காரனான எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு.

அதன் பிறகுதான் ஊரைச் சுற்றிக் காட்டும் பயணங்கள் வளர்ந்தன. கயிறு திரிப்பது, தாழை ஓலையில் பாய் முடைவது, கள் இறக்குவது, வலை வீசுவது என அவரவர் தொழிலை அவரவர் இடத்திலேயே வந்து பார்ப்பவர்களிடம் கட்டணம் வாங்கினார்கள். 2017-இல் கேரள அரசு இந்த முறையை மாநிலம் முழுவதும் கொண்டுசெல்லத் தனி இயக்கமே தொடங்கியது. குமரகத்தில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கைமாறிய நிலம் திரும்பி வரவில்லை. ஆனால், விருந்தினர் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு வயலுக்கு வர ஒரு வாய்க்கால் வெட்டினார்கள்.

மகாராஷ்டிரத்தில் வேறு வழி. அங்கே 2005 முதல் வேளாண் சுற்றுலா வளர்ந்து, 2020-இல் அதற்கென அரசுக் கொள்கையும் வந்தது. அது பெரும்பாலும் தனி உழவர் தன் பண்ணையில் நடத்துவது. நிலமும் முதலும் இருப்பவருக்கு அது சரிவரும். நான் இங்கே பேசுவது ஊரே சேர்ந்து நடத்துவதைப் பற்றி.

நம் பக்கத்திலேயே அதற்கு எடுத்துக்காட்டு உண்டு. கோவை மாவட்டம் காரமடையைத் தாண்டி, பில்லூர் அணை நீர்ப்பரப்பின் ஓரம் இருக்கும் பரளிக்காட்டில், வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து 2007 முதல் சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். பரிசல் சவாரி, பெண்கள் சமைத்துப் போடும் மதிய உணவு, அத்திக்கடவுப் பக்கம் ஆற்றுக் குளியல், சாயங்காலம் ஊர் திரும்புதல், அவ்வளவுதான். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே இடம், அதுவும் பெரும்பாலும் வார இறுதி நாள்களில். அங்கே நாம் கவனிக்க வேண்டியது, என்னென்ன வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள் என்பதை. மற்ற நாள்களில் காடும் ஊரும் தம் வேலையைப் பார்க்கின்றன. ஒரு நாள் விருந்தினரைக் கொண்டே 15 ஆண்டுகளுக்கு மேல் ஓட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி.

இனி கணக்குக்கு வருவோம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் உள்ள எண்கள் நான் அனுமானமாக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை 20 பேர், ஞாயிற்றுக்கிழமை 20 பேர் உங்கள் ஊருக்கு வருகிறார்கள். ஆண்டுக்கு 26 வாரம் நடக்கிறது. மொத்தம் 1,040 சாப்பாடு. ஒரு சாப்பாடு ₹250 என்றால் ₹2,60,000. கேட்க நன்றாக இருக்கிறது. இதில் நெல் விளைவித்தவருக்கு என்ன கிடைத்தது? ஆளுக்கு 150 கிராம் அரிசி என்று வைத்தால், ஆண்டு முழுவதற்கும் தேவை 156 கிலோ. ஏக்கருக்கு 2,200 கிலோ நெல் எடுத்து, அதில் 65 சதவீதம் அரிசி கண்டால் 1,430 கிலோ. அப்படியானால் அந்த 1,040 பேருக்கும் சோறு போட 11 சென்ட் நிலம் போதும். வயலும் வீடும் திறந்து வைத்து, ஆறு மாதம் சனி, ஞாயிறு ஓய்வில்லாமல் உழைத்து, ஊர் விற்ற அரிசி 11 சென்ட் விளைச்சல்தான்!

சாப்பாட்டில் கிடைக்கும் பணம் பெரும்பாலும் சமைத்தவர்களின் உழைப்புக்கு உரியது. விளைவித்தவர் அதை நம்பக் கூடாது. அதே 1,040 பேரும் ஊருக்குக் கிளம்பும்போது சராசரியாக ஆளுக்கு 2 கிலோ அரிசி வாங்கிப் போனால் 2,080 கிலோ. ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் விளைச்சல். இதற்கு 3,200 கிலோ நெல் வேண்டும். கிலோ ₹25 என்று கொள்முதல் நிலையத்தில் போட்டால் ₹80,000. அரிசியாக்கிக் கிலோ ₹60-க்கு விற்றால் ₹1,24,800. அரைவை, சுத்தம் செய்தல், பை ஆகியவற்றுக்குக் கிலோவுக்கு ₹6 கழித்தாலும் கையில் ₹32,000-க்கு மேல் கூடுதல். தூயமல்லி, கருப்பு கவுனி போன்ற பாரம்பரிய ரகமாக இருந்தால் விலை கூடும். விளைச்சல் குறையும் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய், உளுந்து, மலைப்பகுதியானால் மிளகு, காபி எதுவானாலும் இதே வழிதான். வந்தவர் வீட்டு முகவரி உங்களிடம் இருந்தால், அடுத்த அறுவடைக்கும் அவர் வாடிக்கையாளர். தட்டில் விழுவதைவிடப் பையில் போவதில்தான் உழவருக்குப் பங்கு.

ஆகவே முதலில் வேண்டியது சிறு அரைவை இயந்திரம், நல்ல எடைத் தராசு, சீட்டு ஒட்டிய பை, உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு. பூங்குடிலும் ஊஞ்சலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொல்லிமலையை நினைத்துப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, ஆகாயகங்கையில் குளித்துவிட்டுச் சாமை வயலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்குகிறார்கள் எத்தனையோ பேர். சாமையைக் குத்திப் புடைப்பது பெண்களுக்குப் பெரும்பாடாக இருந்தது, அந்த நிலத்துக்கு மரவள்ளி வந்ததற்கு ஒரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானிய அரைவை இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுபோனபோது அந்தச் சுமை குறைந்தது. வருபவர் கையில் கொடுக்க அரிசியாகிய சாமை இருக்கிறது என்றால், இயந்திரம் வந்ததால்தான்.

அடுத்தது, பருவம். பட்டணத்தில் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். அப்போது டெல்டாவில் கோடை உழவு போட்ட கட்டி மண்தான் இருக்கும். பொங்கலுக்கு வருவார்கள், ஆனால், சம்பா அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் நீங்களே திண்டாடும் நேரம் அது. அறுவடை இயந்திரம் போகும் பாதையில் நாலு கார் நின்றால் சண்டைதான் மிச்சம். செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை பலருக்கும் தோன்றுவதில்லை. சம்பா நாற்று பறிக்கும், நடும் காலம் அது. குழந்தைகளைச் சேற்றில் இறக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. உங்கள் பயிருக்கு ஏற்ற வாரங்கள் எவை என்று பார்த்து, அந்த வாரங்களுக்கு மட்டும் கதவைத் திறங்கள். நாள் குறிப்பது விருந்தினர் வசதியாக இருந்தால், பயிர் அவருக்குக் காட்சிப் பொருளாகிவிடும்.

மருந்து தெளிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் கத்தரிச் செடியில் காய் பறிக்கும்போது, முந்தின நாள் அதில் பூச்சிமருந்து அடித்திருந்தால் என்ன ஆகும்? மருந்துப் புட்டியில் அச்சிட்ட காத்திருப்புக் காலம் முடியாமல் யாரையும் வயலுக்குள் விடக் கூடாது. இது தனி ஒருவர் கட்டுப்பாட்டில் முடிகிற காரியம் அல்ல. காற்று வரப்பைப் பார்த்து வீசுவதில்லை. பக்கத்து வயல்காரர் தெளிக்கும் நாளும் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூடவே இன்னொன்று: 'எல்லாமே இயற்கை' என்று பலகை எழுதிவிடாதீர்கள். பங்கேற்பு உத்தரவாத முறையிலோ, அங்ககச் சான்றளிப்புத் துறை மூலமோ சான்று பெற்ற நிலத்துக்கு மட்டும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள். மற்றதற்கு, என்ன போட்டோம், எப்போது போட்டோம் என்று உள்ளதைச் சொன்னால் போதும். கேட்பவர்கள் அதை மதிக்கிறார்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒத்துக்கொள்ள எளிது. கடினமான இடத்துக்கு வருகிறேன். 'ஊர் சேர்ந்து நடத்துவது' என்கிறோமே, அந்த ஊரில் யார் யார்? பத்து ஏக்கர் வைத்திருக்கும் நாலு பேரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து குழு அமைத்தால், அது சமுதாயச் சுற்றுலா ஆகாது; நாலு பேர் தொழில். நாற்று நட்டுக் காட்டப்போவது நிலமில்லாத பெண்கள். பறை அடித்துக் காட்டச் சொல்லப்போவதும், எலி பிடிப்பதைப் பற்றிச் சொல்லச் சொல்லப்போவதும் காலனித் தெருவைத்தான். அவர்கள் குழுவில் இல்லாமல், கூலிக்கு வந்து வேடிக்கை காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றால், பழைய கொடுமைக்கு நுழைவுச் சீட்டு அச்சடித்ததாகத்தான் ஆகும். எந்தத் தெருவில் விருந்தினர் நடக்கலாம், எந்த வீட்டில் சாப்பிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் பார்த்துப் பார்த்துக் கோடு போடும் இடத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. காலனி வீட்டிலும் பந்தி போடலாம் என்று முதல் கூட்டத்திலேயே ஒப்புக்கொள்ளும் ஊர் தொடங்கட்டும்.

அதனால், வரும் பணம் எப்படிப் பிரியும் என்பதை முன்பே எழுதி, கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். ₹250 சாப்பாட்டில் மளிகை, காய்கறிக்கு ₹90, சமைத்தவர்களுக்கு ₹80, சுற்றிக் காட்டியவர்களுக்கு ₹30, விறகுக்கும் துப்புரவுக்கும் ₹25, ஊர்ப் பொதுநிதிக்கு ₹25 என்று நான் ஒரு மாதிரி வைத்துப் பார்த்தேன். பொதுநிதிக்கு ஆண்டில் ₹26,000 சேரும். ஒரு மடை பழுது பார்க்கலாம், ஒரு கழிப்பறை கட்டலாம். தொகை உங்கள் விருப்பம். எழுதாமல் மட்டும் விடாதீர்கள். காசு மகளிர் குழுவின் வங்கிக் கணக்கில் விழட்டும். அவர்களுக்குத்தான் மாதா மாதம் கணக்கு படித்துப் பழக்கம்.

வேளாண் துறையிலும் தோட்டக்கலைத் துறையிலும் உள்ள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் 2023-ஆம் ஆண்டு சுற்றுலாக் கொள்கையில் கிராமிய, தோட்டச் சுற்றுலாவுக்கும் இடம் இருக்கிறது. வேறு துறையின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டால், கட்டடம் கட்டுபவர்கள் கையில் அது போய்விடும். ஆத்மா திட்டத்தில் உழவர்களைக் கண்டுணர்வுச் சுற்றுலா அழைத்துப் போகிறீர்கள் அல்லவா? அடுத்த முறை பரளிக்காட்டுக்கோ குமரகத்துக்கோ ஒரு நாள் ஒதுக்குங்கள். விருந்தினர் போகும் முகப்பைக் காட்டாமல், பின்வாசலில் காய்கறி எடை போடும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். கூட்டத்தில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும்.

தொடங்க நினைக்கும் ஊர்களுக்கு: கிராம சபையில் வைக்கும் முன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர் வழியாகப் பத்துப் பேரை வரவழையுங்கள். கட்டணம் வாங்குங்கள், இலவசமாகச் செய்தால் எதுவும் தெரியாது. இரண்டு வீட்டில் சமையல், ஒருவர் வயல், ஒரு சுத்தமான கழிப்பறை, ஒரு தராசு போதும். சாயங்காலம் அவர்கள் போன பிறகு மூன்றை மட்டும் எழுதி வையுங்கள்: யார் கைக்கு எவ்வளவு போனது, எத்தனை கிலோ விளைபொருள் பையில் ஏறியது, அன்றைக்கு எந்த வயல் வேலை நின்றுபோனது. அந்தத் தாளோடு கிராம சபைக்குப் போங்கள்.