பாட்டியின் முழங்காலும் நண்டு ஓடும்

மாணவர்களே, குக்குப் கடலோர உணவகத்தில் நண்டும் இறாலும் சாப்பிட்டதும் ஓட்டைக் குப்பையில் போடுகிறோம். அந்த ஓட்டில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. 1876ஆம் ஆண்டில் லெடர்ஹோஸ் என்ற ஜெர்மானியர், சிங்கி இறாலின் ஓட்டை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து குளுக்கோசமைனைப் பிரித்தெடுத்தார். இன்று ஜொகூர் மருந்தகங்களில் மூட்டுவலிக்கு விற்கப்படும் மாத்திரை அதுதான்.

நம் உடலே குளுக்கோசமைனைத் தயாரித்து, மூட்டுக் குருத்தெலும்பை உருவாக்கப் பயன்படுத்துகிறது. அப்படியானால் அதை விழுங்கினால் குருத்தெலும்பு வளருமா? கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால், நியாயமாகத் தோன்றுவது நிரூபணம் ஆகாது.

2006இல் அமெரிக்காவில் 1,583 முழங்கால் நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. ஒரு பிரிவினர் தினமும் 1,500 மில்லிகிராம் குளுக்கோசமைனை 24 வாரங்கள் எடுத்தனர். அவர்களில் 64 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களிலோ 60 விழுக்காட்டினருக்குக் குறைந்தது! இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. சல்பேட் வகையை வைத்து ஐரோப்பாவில் நடந்த சில ஆய்வுகள் ஓரளவு பலனைக் காட்டின. விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆகவே, "பக்கத்து வீட்டு அத்தைக்குக் குணமானது" என்பதை மட்டும் நம்பிப் பணத்தைச் செலவிடக் கூடாது என்பதே என் கருத்து. போலி மாத்திரைக்கும் அப்படிச் சாட்சி சொல்லப் பலர் இருப்பார்கள்.

பணத்தைவிடப் பெரிய கவலை பாதுகாப்பு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் இதையும் சேர்த்து எடுத்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் பெரும்பாலும் சதையில்தான் உள்ளது. ஆனாலும் எச்சரிக்கை தேவை. சோளத்திலிருந்து தயாராகும் குளுக்கோசமைனும் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் இரத்தச் சர்க்கரையைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் ஆங்கிலத்திலும் மலாயிலும் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்கக்கூடியவர் பெரும்பாலும் நீங்கள்தான். போத்தலைத் திருப்பிப் பாருங்கள். சுகாதார அமைச்சின் கீழ் பதிவானதைக் காட்டும் 'எம்.ஏ.எல்.' எண் இருக்கிறதா? எதிலிருந்து தயாரானது? பிறகு, பாட்டி சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி மருந்தாளரிடம் காட்டுங்கள். அந்த ஒரு தாள், இணையத்தில் வரும் நூறு விளம்பரங்களைவிடப் பாட்டிக்கு நன்மை செய்யும்.