கௌதாரி இறகு கேக்குற அண்ணாச்சிமாருக்கு

மூணு மாசத்துல நாலு பேர் கேட்டாச்சு. "அண்ணாச்சி, உங்க ஊர்ப் பக்கம் தேரிக்காட்டுல கௌதாரி நெறைய கெடக்குமாமே, ஒரு தோல் அனுப்பி வைங்களேன், பூச்சி கட்டணும்." நாலு பேரும் படிச்சவங்க, நல்ல வேலையில இருக்கவங்க. அதனாலதான் எரிச்சல் ஜாஸ்தி. தனித்தனியா பதில் சொல்லி அலுத்துப்போச்சு, பொதுவுலயே சொல்லிடுறேன். அனுப்ப மாட்டேன். நீங்களும் வேற யார்கிட்டயும் கேக்காதீங்க.

இந்தப் பைத்தியம் பிடிக்காத சக பதிவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். சாஃப்ட் ஹேக்கிள்ங்கிறது ஒண்ணும் பெரிய சூத்திரம் இல்ல. சின்னத் தூண்டில் முள், அது மேல பட்டு நூல், முள்ளோட கழுத்துல ஒரே ஒரு இறகை ரெண்டு சுத்து. அவ்ளோதான். சேவலோட கழுத்து இறகு விறைப்பா நிக்கும், அதச் சுத்துனா பூச்சி தண்ணி மேல மிதக்கும். பெட்டையோட இறகு மெத்துனு இருக்கும். தண்ணிக்குள்ள போனதும் ஓட்டத்துக்குத் தக்கபடி விரியும், சுருங்கும். றெக்கை முளைச்சு வெளிய வர மேல நீந்தி வர்ற பூச்சினு ட்ரவுட் மீன் ஏமாந்துடும். மழை விட்ட மறுநாள், செந்தண்ணி கொஞ்சம் தெளிஞ்சு டீ நெறத்துக்கு வர்றப்பதான் இதுக்கு மவுசு. வெள்ளம் கரையோரத்துப் புழுபூச்சியை எல்லாம் அடிச்சிட்டு வரும். மீனும் நடு ஓட்டத்தை விட்டு ஓரத்துல ஒதுங்கி நிக்கும். குறுக்கால வீசி, லைனை ஆத்தோட போக்குல விட்டா போதும்.

இனி சண்டைக்கு வருவோம்.

அவங்க சொல்ற மொத வாதம் பாரம்பரியம். இந்தப் பூச்சிகள்ல ரொம்பப் பேர் போனது 'பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு'. இங்கிலாந்தோட யார்க்‌ஷயர்ப் பக்கத்துச் சரக்கு. டி.ஈ. பிரிட் 1885லயே அந்த ஊர்ப் பூச்சிகளைப் பட்டியல் போட்டுப் புத்தகமா கொண்டு வந்துட்டார். பார்ட்ரிட்ஜுக்கு நம்மூர் சொந்தக்காரன் கௌதாரி, அதனால கௌதாரி வேணுமாம்.

ஏன் சார், யார்க்‌ஷயர்க்காரன் எதுக்கு பார்ட்ரிட்ஜ் இறகைக் கட்டுனான்? அவன் வீட்டுச் சாப்பாட்டுக்குச் சுட்ட பறவை அது. இறகு சும்மா கெடந்துச்சு, எடுத்துக் கட்டுனான். ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.சி. ஸ்டூவர்ட் 1857ல எழுதுன புத்தகத்துல வர்ற கறுப்புப் பூச்சிக்கு ஸ்டார்லிங் இறகு, அதாவது நம்ம மைனாவோட சொந்தம். கைக்கு எது எட்டுச்சோ அதைக் கட்டுனதுதான் அங்க பாரம்பரியமே. தூத்துக்குடியில கைக்கு எட்டுறது எது? கறிக்கடை நாட்டுக்கோழி. அதை விட்டுட்டு குதிரைமொழித் தேரியில கண்ணி வெச்சுப் பிடிக்கச் சொல்றதுக்குப் பேரு பாரம்பரியம் இல்ல, படோடாபம்.

ரெண்டாவது, "ஒண்ணு ரெண்டுதானே அண்ணாச்சி". இதை வேற ஊர்க்காரன்கிட்ட போய்ச் சொல்லுங்க. நாங்க முத்து எடுத்த ஊர்க்காரங்க. பாண்டியன் காலத்துலேர்ந்து இந்தக் கடல்ல முத்துக்குளிச்சாங்க, கடைசியா பெரிய அளவுல நடந்தது 1961ல. அதோட சரி. காரணம் ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. ஆனா சிப்பி அள்ள அள்ளக் கொறையாதுன்னு நெனச்சதுல மட்டும் யாருக்கும் வேற்றுமை இருந்ததில்ல. கடல் அட்டையும் அப்படித்தான். 2001ல அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. அட்டை வெச்சிருந்தா போலீஸ் வரும்னு எங்க கடற்கரையில சின்னப்புள்ளைக்கும் தெரியும். அதே 1972ம் வருசத்துச் சட்டம்தான் கௌதாரியையும் காக்குது. அட்டை கடத்துறவனைப் பேப்பர்ல பார்த்தா உச்சு கொட்டுறோம், கௌதாரித் தோல் கேக்குறப்ப மட்டும் அது 'ஹாபி' ஆயிடுமா? :-)

அதுவும் தரையில கூடு கட்டுற பறவை. நாய், கீரி, நல்லபாம்பு எல்லாம் ஏற்கெனவே வரிசையில நிக்குது. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே, அந்த மாதிரி மழை வேற.

"எப்படியும் கறிக்குப் பிடிக்கத்தான் செய்றாங்க, இறகு வீணாத்தான போகுது"ன்னு ஒருத்தர் சொன்னார். இறகுக்கும் விலை கெடைக்கும்னு தெரிஞ்ச அன்னிக்கு கண்ணி வைக்கிறவன் பத்துக் கண்ணி சேத்து வைப்பான். சந்தேகம்னா காட்டுக்கோழியைப் பாருங்க. நம்ம மேற்குத்தொடர்ச்சி மலைச் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலோட கழுத்துல மெழுகு வெச்ச மாதிரி மின்னுற புள்ளி இறகு இருக்கும். வெள்ளைக்காரன் அதுக்கு 'ஜங்கிள் காக்'னு பேர் வெச்சு சால்மன் பூச்சிக்குக் கண்ணா கட்டினான். கப்பல் கப்பலா போச்சு. இப்ப வெளிநாட்டுக் கடைகள்ல சட்டப்படி விக்கிறது அங்கயே பண்ணையில வளர்த்த பறவையோட இறகு. இறகு ஆசை எங்க கொண்டு போய் விடும்னா, 2009ல இங்கிலாந்து டிரிங் அருங்காட்சியகத்துல சால்மன் பூச்சி கட்டுற இசைக்கல்லூரி மாணவன் ஒருத்தன் ஜன்னலை உடைச்சுப் பூந்து 299 பறவைத் தோலைத் திருடினான். அதுல வாலஸ் சேகரிச்சதும் இருந்துச்சு. ஒரு நூத்தாண்டுக்கு மேல காப்பாத்தி வெச்ச பொருள், பிச்சுப் பிச்சு வித்திருக்கான்.

சரி, மீனாவது மதிக்குதா? நம்ம ஊர் ட்ரவுட்டே வந்தேறி. 1860கள்ல பிரான்சிஸ் டே நீலகிரிக்குக் கொண்டு வரப் பார்த்துத் தோத்தார். 1907ல எச்.சி. வில்சன் அவலாஞ்சியில பொரிப்பகம் கட்டுன பிறகுதான் ரெயின்போ ட்ரவுட் நெலைச்சுது. யார்க்‌ஷயர் பார்ட்ரிட்ஜை அதோட பாட்டன் பூட்டன் பார்த்திருக்க வாய்ப்பே இல்ல. அதுவும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள்ள இருக்க ஓடையில தூண்டில் போட சட்டத்துல எடமே கெடையாது. நாலு பேர்ல ரெண்டு பேரு அங்கதான் போறதா பிளான் வேற! நான் ஹிமாச்சலம் தீர்த்தன் ஆத்துல லைசென்ஸ் வாங்கிப் போட்டப்ப மீன் கடிச்சது கறிக்கடைப் பெட்டைக்கோழி இறகுலதான். தாமிரபரணியில சின்னக் கெண்டையும் அதையேதான் கடிக்குது.

புள்ளி புள்ளியா வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு கின்னிக்கோழி இருக்கு. வீட்டுல வளர்க்குறவங்ககிட்ட கேட்டா உதிர்ந்த இறகைச் சும்மாவே குடுப்பாங்க. வெள்ளைக்காரனே காலங்காலமா கட்டுற இறகுதான் அது. கௌதாரியோட அந்தப் பழுப்புக் கோடு வேணுமா, பண்ணைக்காடை இறகு பாருங்க. சின்னதா இருக்கும், 16ம் நம்பர் முள்ளுக்குக் கச்சிதம். எல்லாத்துக்கும் மேல பழுப்பு நாட்டுப்பெட்டை. முதுகுலயும் கழுத்துலயும் எடுங்க, றெக்கை இறகு ஆகாது.

ஒரே ஒரு விசயம். கோழியை வெந்நீர்ல முக்குறதுக்கு முன்னாடி இறகைப் பிடுங்கித் தரச் சொல்லணும், முக்கிட்டா சுருண்டு நாறிடும். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல கேக்காதீங்க, செவ்வா வெள்ளியில போங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.